டோரீனுக்கு ஒரு கைப்பிடி

ஏழு அலைகள் ஓய்வுக் குடியிருப்பில் செல்லப்பிராணி வளர்க்கத் தடை ஏதும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் நிர்வாகத்தைக் குறை சொல்லக்கூடாது. பிராணி சிறியதாக இருக்க வேண்டும். சத்தம் போடக்கூடாது. அதற்குத் தகுந்த உறைவிடம் வேண்டும். அந்த உறைவிடத்தைச் செல்லப்பிராணி நலக் குழு நேரில் பார்த்துத் திருப்தி அடைய வேண்டும். அவ்வளவுதான்.

அலை பெயரில் மட்டும்தான். கடலைப் பார்க்க காரில் போக வேண்டும். ஜன்னலைத் திறந்தால் கரும்பு. நான் வாழ்நாள் முழுக்க ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் ரயிலை ஓட்டியவன். ஓய்வு பெற்ற பிறகும் அதையே பார்த்துக்கொண்டிரு என்று இங்கே கொண்டுவந்து விட்டார்கள். போகட்டும்.

பக்கத்து வீட்டில் கிளெனிஸ். தபால் வேன் ஓட்டியவள். குரல் இன்னும் வேனுக்கு வெளியே கேட்கிற மாதிரிதான். அவளிடம் ஒரு டாரன்டுலாக் குட்டி இருந்தது. மண்ணில் வளை தோண்டி உள்ளேயே கிடக்கும் மயிர்ச்சிலந்தி. எங்கள் குவீன்ஸ்லாந்து மண்ணுக்கே உரியது. பயறளவு இருந்தபோது வாங்கி மாத்திரை டப்பா ஒன்றில் ஈரமண் போட்டு வைத்திருந்தாள். எங்கள் குடியிருப்பில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் காலி மாத்திரை டப்பாவுக்கு வராது. பெயர் டோரீன். அவள் மாமியாரின் பெயர். காரணம் நான் கேட்கவில்லை.

டோரீன் வளர்ந்தாள். காலை நீட்டினால் டப்பாவின் சுவர் இடித்தது.

"நெவில், இவளுக்கு வீடு மாத்தணும்" என்றாள் கிளெனிஸ்.

"மாத்து."

"கமிட்டி வந்து பாக்கணுமாம்."

"ஒரு பூச்சிக்கா?"

"பூச்சி இல்லய்யா, சிலந்தி. எத்தன தடவ சொல்றது? அடுத்த தோல் உரிக்கிறதுக்குள்ள மாத்திடணும். இந்த இடத்துல கால உருவி வெளிய எடுக்க முடியாது. பாதித் தோலோட மாட்டிக்கிட்டுச் செத்துரும்."

விஷயம் இவ்வளவுதான். ஐஸ்கிரீம் டப்பா ஒன்று எடுத்தாள். மூடியில் சூடான ஆணியால் துளை போட்டாள். தேங்காய் நார்த்தூளை நனைத்துப் பிழிந்து, மேல்வரை அமுக்கி நிரப்பினாள். ஓரத்தில் விரலை விட்டு ஒரு குழி. தண்ணீருக்கு ஒரு பாட்டில் மூடி. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. குட்டியைத் தள்ளி உள்ளே விட வேண்டியதுதான் பாக்கி.

குழு வந்தது.

குழுத் தலைவர் ரான் ஹாடோ. நகராட்சியில் கட்டட ஆய்வாளராக இருந்தவர். அவர் ஓய்வு பெற்றுவிட்டார், அவர் இடுப்பில் இருக்கும் அளவுநாடா ஓய்வு பெறவில்லை. கூடவே பெவர்லி. வீட்டைக் காலியாக வைத்தால் மனம் நிறையும் என்று எங்கோ ஒரு வகுப்பில் கற்றுக்கொண்டு வந்தவள். அதன்படி வீட்டிலிருந்த நாற்காலிகளைத் தூக்கிப் போட்டாள். அவள் கணவர் இப்போது நின்றபடிதான் டிவி பார்க்கிறார். மூன்றாவது ஆள், குடியிருப்பு மேனேஜர் பிரியெல். எங்கள் பேத்தி வயது. எங்களைச் செல்லம் என்று கூப்பிடுவாள். நான் பதில் சொல்வதில்லை. அதனால் என் காது மந்தம் என்று எழுதி வைத்திருக்கிறாள்.

ரான் ஐஸ்கிரீம் டப்பாவைச் சுற்றி வந்தார். "ஜன்னல் எங்கம்மா?"

"கிடையாது."

"வசிக்கிற அறைக்கு இயற்கை வெளிச்சம் கட்டாயம்."

"அது வசிக்கிறது ஓட்டைக்குள்ள, ரான்."

"அந்த ஓட்டைய யாரு தோண்டுறது?"

"அவளேதான்."

ரான் அளவுநாடாவைச் சுருட்டினார். "அனுமதி இல்லாம இங்க யாரும் மண்ணத் தோண்டக்கூடாது. கீழ கேபிள் போகும்."

"ஐஸ்கிரீம் டப்பாவுக்குள்ளயா?"

"போகலன்னு யாராவது சான்று குடுத்திருக்காங்களா?"

யாரும் கொடுக்கவில்லை. அதை மறுக்க முடியாது.

"அவசர வழியும் ஒண்ணுதான் இருக்கு" என்றார் ரான். "தீப்பிடிச்சா?"

"இன்னொரு கதவு வெச்சா அவ வெளிய வந்துருவா."

"அதுக்குத்தானேம்மா அவசர வழி."

பெவர்லி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள். "ஐயோ கிளெனிஸ், இது முழுக்க மண்ணு! மூச்சே முட்டுது. இப்பல்லாம் எல்லாமே திறந்தவெளிதான். வெள்ளக் கூழாங்கல், காய்ஞ்ச மரக்கட்டை ஒண்ணு, மேல ஒரு விளக்கு. உயரமா ஒரு கண்ணாடித் தொட்டி. அவ சுதந்திரமா ஃபீல் பண்ணணும்."

"அவ ஒளிஞ்சு உக்காரணும். அதான் அவளுக்கு வேணும்."

"அது அவ பழைய வீட்டோட பாதிப்பு. போகப் போகச் சரியாயிடும்."

"உயரத்துலேர்ந்து விழுந்தா வயிறு பிளந்துரும், பெவர்லி."

விழும் என்ற சொல் காதில் பட்டதும் பிரியெல் நிமிர்ந்தாள். எங்கள் குடியிருப்பில் அதைவிடப் பெரிய சொல் இல்லை. கையிலிருந்த தொடுதிரைக் கருவியைத் திறந்தாள். விழும் அபாய மதிப்பீடு. எங்கள் எல்லோருக்கும் அதைச் செய்திருக்கிறார்கள். எனக்குக் கழிப்பறையில் கைப்பிடி வந்தது அப்படித்தான்.

"டோரீன் செல்லம் போன வருஷம் விழுந்திருக்காளா?"

"போன வருஷம் அவ முட்டைக்குள்ள இருந்தா."

"அப்ப, தகவல் இல்ல. நடக்கும்போது தடுமாற்றம்?"

"எட்டுக் காலும்மா அவளுக்கு."

"எட்டா!" பிரியெலின் முகம் இருண்டது. "அப்ப தடுமாற எட்டு வாய்ப்பு இருக்கே."

"மேல்வரைக்கும் மண்ணப் போட்டா விழவே இடம் இருக்காது. அதான் போட்டிருக்கேன்" என்றாள் கிளெனிஸ்.

மூவரும் அவளை இரக்கத்தோடு பார்த்தார்கள். விழுவதற்கு இடம் இல்லாத வீட்டில் எப்படிக் கைப்பிடி வைப்பது? கைப்பிடி இல்லாமல் எப்படி அனுமதிப்பது?

மேற்படி உறைவிடம் நிராகரிக்கப்பட்டது. குழுவே முன்னின்று ஒரு முன்மாதிரி உறைவிடத்தைப் பொதுக்கூடத்தில் அமைத்துத் தரும் என்று முடிவாயிற்று. அதுவரை டோரீன் தற்போதைய முகவரியிலேயே, அதாவது மாத்திரை டப்பாவிலேயே, வசிக்க வேண்டியது.

பெவர்லி சொன்ன உயரமான கண்ணாடித் தொட்டி வந்தது. வேலை நடந்தது. ரான் ஒரு சரிவுப் பாதை கட்டினார். சக்கர நாற்காலி ஏறும் சரிவு. சிலந்திக்கு எதற்கு என்று கேட்டேன். விதி விதிதான் என்றார். பாதையின் இருபுறமும் பல்குத்தும் குச்சியில் கைப்பிடி. தரையில் வழுக்காத விரிப்பு. அதன்மேல் பெவர்லியின் கூழாங்கல். ஒவ்வொன்றையும் அவளே பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினாள். பின்பக்கக் கண்ணாடிக்குக் கடல் படம் ஒன்றை ஒட்டினாள். டோரீனுக்குக் கடற்காட்சி கிடைத்தது. எங்கள் குடியிருப்பில் அவளுக்கு மட்டும்.

டோரீன் பூச்சி தின்பதை நிறுத்தினாள்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் கிளெனிஸ் என் வாசலில் வந்து நின்றாள். கையில் மாத்திரை டப்பா. சத்தமே போடவில்லை. அவள் சத்தம் போடாமல் நின்று நான் பார்த்ததில்லை.

"வயிறு கறுக்க ஆரம்பிச்சிருக்கு, பாரு. தோல் உரிக்கப் போறா. நல்லாக் கறுத்துட்டா அப்புறம் தொடவே கூடாது. இன்னிக்கு மாத்தலன்னா அப்புறம் மாத்தவே முடியாது."

"நாளைக்கு அந்த மாளிகைக்குப் போறாளே."

"விளக்குக்குக் கீழ, கூழாங்கல்லு மேல, ஊரே வேடிக்கை பாக்க உக்காந்து தோல் உரிப்பாளா? செத்துருவா, நெவில்."

எனக்குச் சிலந்தி பிடிக்காது. ஆனால் ஜன்னல் வழியாகக் கரும்பு தெரிந்தது. திரும்பினால் கழிப்பறைக் கைப்பிடி தெரிந்தது.

"டப்பா எங்க?" என்றேன்.

அவள் வீட்டுத் துணி துவைக்கும் அறை. கதவைச் சாத்தினோம். மாத்திரை டப்பாவை ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் சாய்த்துப் பிடித்து, படம் வரையும் பிரஷ்ஷால் பின்னங்காலை லேசாகத் தொட்டாள். டோரீன் நகரவில்லை. மறுபடி தொட்டாள். மின்னல் மாதிரி வந்தது. பிரஷ் மேல் ஏறி, அவள் கை மேல் ஏறி, என் ஸ்வெட்டருக்கு வந்துவிட்டது.

"அசையாத."

"அசையல."

"மூச்சு விடாத."

"விடல."

"பேசாதய்யா!"

டீக்கோப்பையால் கவிழ்த்துப் பிடித்தாள். அடியில் ஒரு பிறந்தநாள் வாழ்த்து அட்டையைச் செருகி, அப்படியே கொண்டுபோய் மண்மேல் விட்டாள். டோரீன் சற்று நின்றாள். பிறகு ஓரத்துக் குழியைக் கண்டுபிடித்தாள். ஒவ்வொரு காலாக உள்ளே போயிற்று. கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து மண் உருண்டை ஒவ்வொன்றாக வந்து வாசலை அடைத்தது.

"கதவச் சாத்திட்டா" என்றாள் கிளெனிஸ். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தூசி என்றாள்.

டப்பாவைத் துவைக்கிற இயந்திரத்துக்கு மேலே, அலமாரிக்குள் வைத்தோம்.

மறுநாள் விழா. ரொட்டியில் சுற்றிய சாசேஜ், தேங்காய்த்தூள் தூவிய லாமிங்டன் கேக், ஒலிபெருக்கி எல்லாம் இருந்தன. ரான் நாடாவை வெட்டினார். கிளெனிஸ் துணி மூடிய மாத்திரை டப்பாவோடு வந்து, கண்ணாடித் தொட்டிக்குள் இருந்த மரக்கட்டையின் பொந்தில் அதைக் கவிழ்த்து ஆட்டினாள். வெறும் டப்பா. துணியை மறுபடி மூடிக்கொண்டு வந்துவிட்டாள்.

எல்லோரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார்கள். கூழாங்கல் இருந்தது. கடல் இருந்தது.

"எங்க?" என்றார் யாரோ.

விஷயம் தெரிந்தால் சிலந்தியும் வெளியே, கிளெனிஸும் வெளியே.

"அதோ!" என்றாள் பெவர்லி. "பொந்து ஓரமா. ஒரு கால ஆட்டுறா பாருங்க. எவ்வளவு நிம்மதியா இருக்கா!"

"சரிவுப் பாதைய உபயோகிச்சாம்மா" என்றார் ரான். "நான் பாத்தேன்."

"கைப்பிடியப் பிடிச்சிட்டா!" என்று பிரியெல் கைதட்டினாள்.

அதன் பிறகு பார்க்காதவர் ஒருவரும் இல்லை. கண்புரை அறுவை முடிந்து கட்டோடு வந்த ஒருவர்கூட, பழுப்பு நிறம், அழகி என்றார்.

வாரா வாரம் ஆய்வு நடந்தது. ஒவ்வொரு முறையும் டோரீன் தேறினாள். தொட்டி சுத்தமாக இருந்தது. நாற்றம் இல்லை. வைத்த தண்ணீர் கலங்கவில்லை. பக்கத்து ஓய்வுக் குடியிருப்புகளிலிருந்து மேனேஜர்கள் வந்து படம் எடுத்துப் போனார்கள். பிராணி இவ்வளவு அடக்கமாக வாழ்வதை அவர்கள் எங்கும் கண்டதில்லையாம்.

ஆண்டு விழாவில் சிறந்த குடியிருப்பாளர் விருதும் டோரீனுக்கே போனது. பிரியெல் காரணங்களை வாசித்தாள்:

"யாரையும் தொந்தரவு செய்யவில்லை. ஒரு புகார்கூடக் கொடுக்கவில்லை. உணவைக் குறை சொல்லவில்லை. ஒரு தடவையும் விழவில்லை. நாம் எல்லோரும் இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும், செல்லங்களா."

எழுந்து நின்று கைதட்டினோம். நான் பலமாகத் தட்டினேன். பரிசு ஒரு தட்டு இறைச்சி. கிளெனிஸ் வாங்கிக்கொண்டாள். நல்ல சாப்ஸ். நாங்கள் இருவரும் சாப்பிட்டோம்.

அந்தக் கைதட்டலின் சூட்டில் குழு இன்னொரு தீர்மானத்தையும் நிறைவேற்றியது. முன்மாதிரி வெற்றி பெற்றதால், அதை எல்லா வீடுகளுக்கும் விரிவுபடுத்துவது. எதிர்த்து ஒரு கைகூட எழவில்லை. என் கையும்தான். எனக்குப் பசி, விருந்து அதற்குப் பிறகுதான்.

ஆட்கள் வந்தார்கள். என் வீட்டில் ஒரு சரிவு, இருபுறமும் கைப்பிடி, வழுக்காத விரிப்பு. என் நாற்காலி போயிற்று, கூழாங்கல் வந்தது. கரும்பு தெரிந்த ஜன்னலில் கடல் படத்தை ஒட்டினார்கள். கரும்பைப் பார்த்துச் சலித்தவன்தான். இப்போது அதைத் தேடுகிறேன்.

இனி வாராந்தர ஆய்வு எங்களுக்கும் உண்டு.

போன வாரம் என் வீட்டில் முதல் ஆய்வு. காலையிலேயே கிளெனிஸ் சுவரைத் தட்டினாள். "நெவில்! ஓடி வாய்யா!"

ஓடினேன். அவள் வீட்டுக் கைப்பிடி எதையும் பிடிக்கவில்லை. அவள் அலமாரியிலிருந்து டப்பாவை இறக்கித் தரையில் வைத்திருந்தாள். அன்று அடைத்த வளையின் வாசல் இப்போதுதான் திறந்திருந்தது. வெளியே, கசங்கிய கையுறை மாதிரி ஒரு தோல் கிடந்தது. எட்டுக் காலும் முழுசாக உருவி வந்திருந்தன. உள்ளே இருட்டில், இன்னும் பெரிதாக, பளபளவென்று டோரீன்.

இரண்டு கிழங்களும் தரையில் குப்புறப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். டீ வைக்கக்கூட மறந்துபோயிற்று. முட்டி பிடித்துக்கொண்டு எழுந்து நான் வீட்டுக்குத் திரும்ப மத்தியானம் ஆகிவிட்டது.

கதவில் ஆய்வுச் சீட்டு ஒட்டியிருந்தது. குழு வந்து போயிருக்கிறது.

"குடியிருப்பவர் நலமாக இருக்கிறார். விழவில்லை. கைப்பிடியைப் பயன்படுத்துகிறார். கடற்காட்சியை ரசித்துக்கொண்டிருந்தார்."

கீழே மூன்று பேரின் கையெழுத்து. பெவர்லி மட்டும் கூடவே ஒரு வரி எழுதியிருந்தாள்:

"கையசைத்தார்."