வியாழக்கிழமை லோர்னாவை வீட்டில் நிறுத்துவது எப்படி

இந்த வியாழக்கிழமை என் மனைவி லோர்னாவை வீட்டிலேயே நிறுத்திவிடுவது என்று சபதம் எடுத்தேன். கீழறையில் தனியாக நின்று எடுத்ததால் யாருக்கும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் என் சபதங்கள் எல்லாம் அந்த ரகம்.

வியாழன்தோறும் அவள், மேஜையில் கோலால் பந்தடித்துக் குழியில் விழவைக்கும் பூல் ஆட்ட லீக்குக்குத் தன் டீமோடு கிளம்பிவிடுவாள். எங்கள் ஊர் லூயிவில்லில் பாதிப் பேர் அப்படித்தான். நான் மிஞ்சிய இறைச்சியைச் சூடாக்கித் தனியாகத் தின்பேன். வீடு அத்தனை அமைதி. ஃப்ரிட்ஜ் உறுமினால் "என்ன?" என்று கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் வெளியூர் போனபின் பேச எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். அவளும் கிளம்பினால், கார் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்று பார்ப்பேன். அதைச் சொல்ல வெட்கம்.

அதனால் கீழறையின் பழைய பூல் மேஜையில் பேங்க் ஷாட் பழகினேன். பந்து நேராகக் குழிக்குப் போகக் கூடாது. எதிர் விளிம்பில் மோதித் திரும்பி வந்து விழ வேண்டும். விளிம்பில் பதித்த வெள்ளைப் புள்ளிகளில் எதைக் குறி வைப்பது என்பதில்தான் வித்தை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்குத் தேறினேன்.

"லோர்னா, பேங்க் ஷாட்ல ஒரு போட்டி. நான் ஜெயிச்சா வியாழக்கிழமை நீ வீட்ல இருக்கணும்."

"நீயா? எங்கூடயா?"

"ஏன், எனக்கென்ன குறைச்சல்?"

"ஒண்ணுமில்ல வென்டெல். நான் ஜெயிச்சா?"

"நீ சொல்றதைச் செய்றேன்."

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

போட்டியன்று வேலை முடிந்து வந்தால், மேஜை மேல் பளபளவென்று புதுப் பச்சைத் துணி!

"போட்டின்னா மேஜை மரியாதையா இருக்க வேண்டாமா? ஆள் வச்சு மாத்திட்டேன்" என்றாள். எனக்காக ஒருவர் இவ்வளவு மெனக்கெட்டு எத்தனை காலமாயிற்று! கண் கலங்கிவிட்டது.

என் நம்பிக்கைக்குரிய புள்ளியைக் குறி வைத்தேன். பந்து மோதியது, வழுக்கியது, குழியைத் தாண்டிப் போயிற்று. அடுத்ததும் அப்படியே. அவளோ குறியை விரலளவு தள்ளிவைத்து, ஒவ்வொன்றாகக் குழிக்குள் அனுப்பினாள்.

"புதுத் துணி வழுக்கும். கொஞ்சம் தள்ளிக் குறி வைக்கணும்."

"இப்ப சொல்ற!"

"இப்பதானே தோத்த."

"சரி, நான் என்ன செய்யணும்?"

"வியாழக்கிழமை எங்கூட வா. எங்க டீம்ல சேர்ந்து ஆடணும்."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இனி தனிச் சாப்பாடு கிடையாது. அதோடு, டீம்!

"நெஜமாவா? நான் அவ்வளவு நல்லா ஆடுறேனா?"

அவள் அதற்குள் அணித் தலைவி ராக்ஸானுக்குப் போன் போட்டுவிட்டாள்.

"ராக்ஸான், கவலைய விடு. நம்ம அஞ்சு பேரும் நல்லா ஆடுறதால, ஆளுக்கு ஆள் திறமைக்குப் போடுற மார்க்கைக் கூட்டினா டீமுக்கான வரம்பைத் தாண்டுதுன்னு லீக்ல தகராறு பண்றாங்கல்ல? ரொம்பக் கம்மி மார்க்குல ஒரு ஆள் பிடிச்சுட்டேன்... ஆமா, என் வீட்டுக்காரர்தான். கீழ உக்காந்து பழகிப் பழகி எங்க தேறிடுவாரோன்னு பயந்துட்டேன்டி. நல்லவேளை, துணிய மாத்திப் பார்த்தேன். தேறல!"