சமத்துவச் சப்பாத்தி

சமத்துவம் என்ற சாமான் இந்தப் பூவுலகில் எங்காவது அசலாக உற்பத்தியானது என்றால், அது 1991-ல், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில், எங்கள் வயர் கம்பெனி கேன்டீனில்தான். நான் அங்கே தொழிலாளர் நல அதிகாரி. ஆகவே இதைச் சொல்ல எனக்குப் பூரணத் தகுதி உண்டு.

ஜப்பான் போய்த் திரும்பிய எங்கள் முதலாளி, "அங்கே முதலாளியும் தொழிலாளியும் ஒரே சாப்பாடு!" என்று பூரித்துப்போய் அறிவித்தார். மறுநாளே சோறு ஒழிந்தது. எல்லாருக்கும் சப்பாத்தி, குருமா. ஜப்பான்காரன் சோறுதானே தின்கிறான் என்று சிலர் முணுமுணுத்தார்கள். விவரம் தெரியாதவர்கள். வீட்டுச் சாப்பாடு "சமத்துவ விரோதம்" என்பதால் டிபன் டப்பாவைக் கேட்டிலேயே பிடுங்கிக்கொண்டோம்.

இந்தப் பொற்காலத்துக்குக் குந்தகமாக வந்தவள் லிடியா. சுங்குவார்சத்திரத்துப் பெண். லைனில் நல்ல வேலைக்காரி. தீபாவளி கழிந்தால் நிரந்தரம். அந்தச் சம்பளத்தை நம்பி வீட்டில் அம்மாவும் இரண்டு தங்கைகளும் இருந்தார்கள். ஆனால் சப்பாத்தி வந்த நாளிலிருந்து அவளுக்கு வயிற்றுப்போக்கு. ஆள் துரும்பாக இளைத்துவிட்டாள். கம்பெனி மருந்தகத்தில் பூச்சி மாத்திரை கொடுத்தோம். நிற்கவில்லை. வயிற்றுக்கு லேசாக இருக்கட்டும் என்று நானே பரிவோடு பிரட் வாங்கிக் கொடுத்தேன். இன்னும் மோசமானது. நன்றிகெட்ட வயிறு!

கடைசியில் மெட்ராஸ் டாக்டர் ஒருவர் வாய் வழியாகக் குழாய் விட்டு, குடலில் துணுக்கு எடுத்துப் பார்த்து, "சீலியாக்" என்றாராம். கோதுமை, மைதா, ரவை ஆயுசுக்கும் கூடாது. சோறு தாராளமாகச் சாப்பிடலாம். மருந்தே அவ்வளவுதானாம்.

டாக்டர் சீட்டோடு வந்து நின்றாள். "வூட்லேர்ந்து ஒரு டப்பா சோறு எத்தாந்துக்கிறேன் சார். அது போதும்."

சாதாரண விஷயமா? கேன்டீன் கமிட்டி கூடியது. லிடியாவை எதிரே நிறுத்தி, டீ, பிஸ்கட் வைத்து விவாதித்தோம்.

"கோதுமை ஆவாதாமே! எந்த ஊர்ல கீது இப்டி ஒரு சீக்கு?" என்றார் சூப்பர்வைசர் கோதண்டம். "சப்பாத்திய ஒதுக்கிட்டு குருமாவத் துன்னேம்மா."

"குருமால மைதா கரைச்சு ஊத்துறாங்க சார். பெருங்காயக் கட்டிலகூட மைதா கீதாம். துளி பட்டாலும் குடலு புண்ணாப் பூடும்னாரு டாக்டரு."

"நாளைக்குக் கொழாத் தண்ணிலயும் மைதா கீதும்பே!"

தொழிற்சாலையில் எதையும் சோதிக்காமல் ஏற்கக் கூடாது. ஆகவே கேன்டீனிலேயே லிடியாவுக்குத் தனியாக அரிசிக் கஞ்சி தர ஏற்பாடு செய்தோம். அவளுக்குத் தெரியாமல் தினமும் அதில் இரண்டு கரண்டி மைதா கலந்தோம். இதற்குத் "தர ஆய்வு" என்று பெயர்.

"கர்த்தர் உங்கள ஆசீர்வதிப்பாரு சார்" என்று என்னைக் கும்பிட்டுவிட்டு, ஒரு பருக்கை விடாமல் வழித்துக் குடித்தாள். அந்த வாரமே லைனில் மயங்கி விழுந்தாள்.

கமிட்டி மறுபடி கூடி, "நோய் உண்மையே" என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. உண்மையான நோயாளியை வேலையில் வைத்திருக்க விதியில் இடமில்லை. எனவே "உடல் தகுதியின்மை" என்று நீக்கினோம். நோய் பொய்யாக இருந்திருந்தால் பித்தலாட்டத்துக்காக நீக்கியிருப்போம். இதில் பாரபட்சம் எங்கே?

உத்தரவை நானே வாசித்துக் காட்டினேன். "மைதா கலந்து பரிசோதித்ததில்" என்ற இடம் வந்ததும் லிடியா நிமிர்ந்தாள்.

"கஞ்சிலயா சார்? நீங்க குடுத்தீங்கன்னு நம்பிக் குடிச்சேனே! பாவிங்களா! ஒரு டப்பா சோறுதானே கேட்டேன்? நல்லா சோறு போட்டுக்கினு இருந்த கேன்டீன்ல, யாரு கேட்டு சார் சப்பாத்தி போட்டீங்க?"

படிக்காத பெண்ணிடம் கோபப்பட்டு என்ன பயன்? பொறுமையாகவே விளக்கினேன்.

"முதலாளிக்குச் சர்க்கரைம்மா. இனிமே சோறு கூடாது, சப்பாத்திதான்னு அவரோட டாக்டர் சீட்டு எழுதிக் குடுத்துட்டாரு. டாக்டர் பேச்சை மீற முடியுமா?"