கதைவசனத்தின் பன்னிரண்டு வளையல்கள்

எனக்கு எழுத வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுத்து கோணிக்கொண்டு போகும், நடந்ததில் பாதி மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் அடித்துச் சொல்வேன். எங்கள் தாபோடியில் என்ன, இந்தப் புனே முழுவதிலுமே ஒரே ஒரு சினிமாவைப் பற்றிக் நாங்கள் 'கதைவசனம்' என்று கூப்பிடும் எதிர் வீட்டுக்காரர் அளவுக்குப் பேசிய மனிதர் கிடையாது.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டில் மட்டும்தான் அதற்கு வேலை. பக்கத்துப் போசரியில் ஒரு கம்பெனியில் லேத் மெஷின் ஓட்டினார். பிறந்து வளர்ந்தது இங்கே, படித்தது மராத்திப் பள்ளி. தமிழில் ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாது. அந்தக் காலத்தில் படத்தின் கதை வசனத்தை மட்டும் கேசட்டில் விற்பார்களே, அப்படி ஒரு பழைய படத்தின் கேசட்டை அவருடைய மாமனார் வேலூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். உலகமே பார்த்த படம். பெயரை எழுத மாட்டேன். எழுதினால், "இதையா இந்தம்மா இத்தனை வருஷம் பார்க்கவில்லை?" என்பீர்கள்.

கேசட் வந்த நாளிலிருந்து அவர் மனிதர்களைப் போலப் பேசவில்லை. ஒரு நாள் என் வாசலில் வந்து நின்றார்.

"தாயே! கறிவேப்பிலை கேட்டு வந்தவனை வெறுங்கையோடு அனுப்பிய வீடு என்று நாளை இந்தத் தாபோடி தூற்றக் கூடாது!"

நான் பயந்து போய்ச் செடியையே ஒடித்துக் கொடுத்துவிட்டேன். எதிர் வீட்டிலிருந்து அவர் மனைவி மராத்தியில் வாயை மூடச் சொல்லிக் கத்தினாள். "கப் பஸா! நாலு எலைக்கு இவ்ளோ பேச்சா?"

வியாழக்கிழமை அவருக்கு விடுமுறை. மாடிப்படியில் உட்கார்ந்து மேத்தி என்கிற வெந்தயக் கீரை கிள்ளும் எங்களுக்குப் படத்தைச் சொல்வார். நாயகன், நாயகி, வில்லன், குதிரை எல்லாம் அவர்தான். அதில் ஒரு இடம் வரும். புருஷன் சண்டை போட்டுவிட்டுப் போய்விடுவான். கதவு சாத்தும் சத்தம். பிறகு பேச்சே இல்லை. 'டக்... டக்...' என்று பன்னிரண்டு தடவை கேட்கும். கடைசியில் ஒரு விம்மல்.

"என்ன அது? வளையல்! ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜைமேல் வைக்கிறாள். கைக்கு ஆறு!"

நாங்கள் அழுவோம். எத்தனையோ வியாழக்கிழமை அழுதிருக்கிறோம். கீரை உப்புக் கரித்ததென்று என் வீட்டுக்காரர் திட்டியதும் உண்டு.

மிலிட்டரி ஆபீசில் கிளார்க்காக இருந்த ஒருவர் மட்டும் சண்டைக்கு வருவார். "யோவ், நான் தியேட்டர்ல ரெண்டு வாட்டி பாத்தவன். அந்த எடத்துல ஏதுய்யா வளையல்?"

"கண்ணால் பார்த்தீரா? கருத்தால் பார்த்தீரா?"

கிளார்க் தலையைச் சொறிவார். "ஒருவேளை அப்பதான் கடலை வாங்கப் போனேனோ?"

போன பொங்கலுக்கு எங்கள் தமிழ்க் குழுவின் செயலாளர் அந்தப் படத்தையே ஹாலில் பெரிய திரையில் போட ஏற்பாடு செய்தார். முன்னுரை சொல்ல வேண்டியது கதைவசனம். முதல் நாள் சாயங்காலம் அவர் என் வாசலில் வந்து நின்றார். வசனம் வரவில்லை.

"அக்கா, நான் அந்தப் படத்தப் பாத்ததே இல்ல."

"என்ன தம்பி சொல்றீங்க?"

"இங்க தமிழ்ப் படம் சண்டே காலைல ஒரு ஷோதான் போடுவான். போசரி கம்பெனிக்கு லீவு வியாழக்கிழமை. எப்படிப் பாக்கறது?"

"அப்புறம் டிவில போட்டானே?"

"அதுக்குள்ள பாத்தேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே. இப்பப் பாத்து, அங்க வளையல் இல்லன்னா? இத்தனை வருஷமா பொய் சொல்லி உங்களையெல்லாம் அழ வெச்சவன் ஆயிடுவேன்கா."

"நானும் பாத்ததில்ல தம்பி. நீங்க சொன்னதுதான் எனக்குப் படம்" என்றேன்.

முன்னுரை முடிந்ததும் பின்கதவு வழியாக நழுவிவிடுவது என்று முடிவு செய்துகொண்டார்.

மறுநாள் முன்னுரை பேசி, கும்பிட்டு, கதவுப் பக்கம் ஒரு எட்டும் வைத்துவிட்டார். படம் ஓடியது. சத்தம் வரவில்லை. மைக் பேசுகிறது, படம் பேசவில்லை. எந்த வயரைப் பிடுங்கிச் செருகினாலும் பயன் இல்லை. செயலாளர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், உங்களுக்குத்தான் அத்தனையும் மனப்பாடமாச்சே! சொல்லுங்க!"

கதைவசனம் திரைக்கு முதுகைக் காட்டி நின்று ஆரம்பித்தார். நாயகி வாயைத் திறந்தாள். "அடேய், உன் தோலை உரிப்பேன்!" என்று வில்லன் குரல் வந்தது. ஹால் சிரிப்பில் அதிர்ந்தது. "திரும்பிப் பாத்துச் சொல்லுய்யா!" என்று யாரோ கத்தினார்கள். அவர் திரும்பவில்லை. வேர்த்து வழிய முன் வரிசையில் இருந்த என்னையே பார்த்தார்.

நான் பஸ்ஸில் டிக்கெட் கேட்கவே கூச்சப்படுகிறவள். அன்றைக்கு என்ன வந்ததோ, நூறு பேர் நடுவில் இல்லாத மீசையை முறுக்கினேன். நாயகன் பேசுகிறான் என்று அர்த்தம். மூக்குத்தியைத் தொட்டால் நாயகி. புருவத்தை நெரித்தால் வில்லன். நூல் பிசகாமல் இரும்பு கடைந்தவர், உடனே பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் வாயும் வசனமும் ஒட்டிக்கொண்டன. ஹாலில் யாரும் சிரிக்கவில்லை.

புருஷன் போனான். கதவு சாத்திக்கொண்டது. கதைவசனம் பேச்சை நிறுத்தி, மைக்கை நகத்தால் தட்டினார். டக்... டக்... பன்னிரண்டு. கண் என்மேலேயே இருந்தது. வளையல்தானே அக்கா என்று அது கேட்டது.

அவருக்குத் தமிழ் வாசிக்க வராது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். திரையில் அவள் பலகையில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

நான் என் கையிலிருந்து ஒரு வளையலைக் கழற்றி மடியில் வைத்தேன். பிறகு தலையாட்டினேன்.

அவர் விம்மிவிட்டார். படத்தில் அவள் விம்மியதும் சரியாக அதே இடத்தில்தான்.

படம் முடிந்ததும் கிளார்க் எழுந்து நேராக அவரிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன். கிளார்க் அவர் தோளில் கை வைத்தார்.

"வளையல்தான்யா. நான்தான் கடலை வாங்கப் போயிட்டேன்."

படம் பார்த்தவர்கள் யாராவது நான் எழுதிய விவரத்தைச் சரிபார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். பத்து முருங்கைத் துண்டா, பன்னிரண்டா என்பதில்கூட எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஆனால் தாபோடிப் பக்கம் யாராவது இதை அவருக்கு வாசித்துக் காட்டுவதாக இருந்தால், அந்த ஓர் இடத்தில் மட்டும் வளையல் என்றே வாசியுங்கள்.