வாங்க அண்ணாச்சியும் தச்சநல்லூர்க் கூட்டமும்

திருநெல்வேலியில் கம்ப்யூட்டரைப் பார்த்து எழுந்து நின்று கும்பிட்ட ஒரே ஆள் எங்கள் வாங்க அண்ணாச்சிதான். வேறு யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்ப்போம்.

வத்தல், வடகம் விற்கிற கடை எங்களுடையது. நான் பார்சல் கட்டுகிறவன். அண்ணாச்சி முப்பது வருஷம் வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்றவர். சொந்தப் பேர் முதலாளிக்கே மறந்துபோச்சு.

ரோட்டை அகலப்படுத்தியதில் கடையின் முன்பக்கம் போனது. குடோன் மட்டும் மிச்சம். முதலாளி வெப்சைட் தொடங்கி, அண்ணாச்சியைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். எந்த ஊரில் இருந்து ஆள் வருது, எதைப் பார்க்குது, எவ்வளவு நேரம் நிக்குது, எல்லாம் அதில் தெரியும். இப்போது உள்ளே எத்தனை பேர் என்றும் ஒரு எண் ஓடும்.

"தீபாவளி வரைக்கும் பாப்பேன் அண்ணாச்சி. ஆளு வந்தா நீங்க இங்கனயே இருங்க. வரலைன்னா வீட்டுல இருந்து ஓய்வெடுங்க" என்றார் முதலாளி.

அண்ணாச்சி முகம் சுருங்கிப்போச்சு. வீட்டில் இருக்கத் தெரியாத மனுஷன்.

முதல் நாள் மதியம் அந்த எண் பூஜ்யத்தில் இருந்து ஒன்று ஆனது. அண்ணாச்சி சட்டென்று எழுந்தார். சட்டைப் பித்தானைப் போட்டார். திரையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"லே, ஆளு வந்திருக்கு. காலை மடக்கி உக்காரு."

மடக்கினேன். எண் மறுபடி பூஜ்யம்.

"நாலு செகண்டுல போயிட்டாவளே! நீ தும்முனியால?"

"அவுக மதுரையில இருக்காவ அண்ணாச்சி."

"எங்கன இருந்தா என்ன? ஆளு வரும்போது தும்மலாமா?"

இன்னொரு நாள் ஒருத்தர் சுண்டவத்தல் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றார். அண்ணாச்சி சாப்பிடப் போகவில்லை. ஆள் நிக்கும்போது எப்படிப் போக? வெப்சைட் போட்டுக் கொடுத்தவர் வந்து பார்த்தார். "போனைத் திறந்துவச்சிட்டுத் தூங்கியிருப்பாரு" என்றார்.

"அப்பம் பையப் பேசும் வே" என்றார் அண்ணாச்சி.

தீபாவளி நெருங்கியது. எண் மட்டும் ஏறவில்லை. பிறகு ஒரு வாரம் திடீரென்று கூட்டம். எல்லாம் பக்கத்தில் இருக்கிற தச்சநல்லூர். ஒரு நாளைக்கு நாற்பது வருகை. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. தச்சநல்லூர் முழுக்க விளம்பரத் தட்டி வைத்தார். மைக் கட்டி ஆட்டோ விட்டார். மோர் மிளகாய் பேரைச் சொல்லிச் சொல்லி ஆட்டோக்காரர் தொண்டை கட்டிப்போச்சு. ஒரு பொட்டலம் விற்கவில்லை.

வெப்சைட்காரர் வந்து உட்கார்ந்தார். "நீங்க வருகைய மட்டும் பாத்திருக்கீங்க. ஆளு எத்தனைன்னு பாக்கலியே. ஒரே போனுதான், ஒரே ஆளு."

விடிந்ததும் ஒரு தடவை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாலு தடவை, சாயங்காலம் மிச்சம். அண்ணாச்சி வீடு தச்சநல்லூர். மதியம் சாப்பிடவும் வீட்டுக்குத்தான் போவார். எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

"என்ன அண்ணாச்சி இது?" முதலாளி கேட்டார்.

அண்ணாச்சி துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "கடை வெறிச்சுன்னு கெடந்தா யாரு உள்ள வருவா? முந்தி வாசல்ல ஆளு இல்லன்னா பக்கத்துக் கடைக்காரர நிக்கச் சொல்லுவோம்லா? அதப் பாத்து நாலு பேரு வருவாவ. இப்பம் யாரைக் கூப்பிட? நானே நின்னேன்."

முதலாளி திட்டவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

அவரைக் கழித்துவிட்டுப் பார்த்தால் தீபாவளிக்கு வந்தவர்களைக் கைவிரலில் எண்ணலாம். அண்ணாச்சி ஆழ்வார்குறிச்சியில் மகள் வீட்டுக்குப் போனார். வெப்சைட் கிடந்துவிட்டுப் போகட்டும் என்று முதலாளி விட்டுவிட்டார். பார்சல் கட்டுகிற நேரம் போகத் திரையை இப்போது நான்தான் பார்க்கிறேன்.

தினமும் கடை திறக்கிற ஒன்பது மணிக்கு ஆழ்வார்குறிச்சியில் இருந்து ஒரு ஆள் வருவார். வத்தலும் பார்ப்பதில்லை, வடகமும் பார்ப்பதில்லை. முகப்பிலேயே நிற்பார்.

போன வாரம் வெப்சைட்காரர் பார்த்துவிட்டார். "இது ஒண்ணு கணக்கைக் கெடுக்கு. எடுத்திரட்டுமா?"

"வேண்டாம். நிக்கட்டும்" என்றேன்.

ஒன்பது மணிக்கு நான் காலை மடக்கி உட்கார்ந்துவிடுவேன். தும்மல் வந்தால் வெளியே போய்த் தும்மிவிட்டு வருவேன்.