நாற்பது தாண்டியவர்களுக்கு அனுமதியில்லை

மக்களின் மனம் கெட்டுவிடாமல் காப்பதற்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது. படம் பார்த்துக் கெடுவதாக இருந்தால் முதலில் தாங்கள் கெட்டுப் பார்ப்பது என்று மூன்று அதிகாரிகள் அங்கே தியாகம் செய்துவந்தார்கள்.

அவர்கள் முன்னால் இயக்குநர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் படத்தில் அந்தக் காலத்து மகாராணி ஒருத்தி, இளமை போகாமலிருக்க இளம்பெண்களின் ரத்தத்தில் குளிக்கிறாள். ஒருநாள் குளியல் தவறிப்போகிறது. பார்க்கப் பார்க்க முகம் சுருங்குகிறது. அந்த ஒரு காட்சிக்காக அவர் சோறு தண்ணீர் மறந்து உழைத்திருந்தார். அதை வெட்டிவிட்டால் படத்தில் மிஞ்சுவது குளியலறைதான்.

தலைவர், பணி நீட்டிப்பு வாங்கி வாங்கி நாற்காலியிலேயே வேர்விட்டவர், கைக்குட்டையால் நெற்றியை ஒற்றினார். தலைச்சாயம் இறங்கிக் கைக்குட்டை கறுப்பானது.

"கொலையெல்லாம் இருக்கட்டும், அது சரித்திரம். அந்தச் சுருக்கம்தான்யா மனசைப் பதற வைக்குது."

"குடும்பத்தோட எப்படி உட்கார்ந்து பார்க்கிறது?" என்றார் உறுப்பினர் அம்மையார். முகத்துக்குப் புதிதாகச் செய்துகொண்ட சிகிச்சையால் அவருக்கு உதடு மட்டுமே அசைந்தது.

"பேய்ப்படம் மேடம். பயந்தாத்தானே படம்?"

"பேய்க்குப் பயப்படலாம்ப்பா. வயசைக் காட்டிப் பயமுறுத்தலாமா?"

"அப்ப பெரியவங்களுக்கு மட்டும்னு குடுத்துடுங்க சார்," என்று கெஞ்சினார் இயக்குநர்.

"பெரியவங்கதானேய்யா பதறுவாங்க! சின்னப் பசங்களுக்கு இதுல என்ன பயம்?"

மூன்றாமவர் தூக்கத்திலிருந்து விழித்து வழிமொழிந்தார். பொதுநலன் கருதி, நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் இப்படத்தைக் காண்பது தடை செய்யப்பட்டது. காட்சி பிழைத்ததில் இயக்குநருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் பாதி ஊரைத் தடுத்துவிட்டால் யார் படம் பார்க்க வருவார்கள் என்ற கவலையும் கூடவே வந்தது.

படம் வெளியான அன்று திரையரங்கில் எள் போட்டால் எள் விழவில்லை. நாற்பது தாண்டிய அத்தனை பேரும், தாண்டவில்லை என்று ஊருக்குக் காட்டவே வந்திருந்தார்கள். தலைவர் முன்வரிசையில் இருந்தார். அம்மையார் பேத்தியின் கவுனில் வந்திருந்தார்.

இயக்குநருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே நுழையப் போனவரை டிக்கெட் கிழிப்பவர் மறித்தார்.

"வயசு என்ன சார்?"

"யோவ், படமே என்னுதுய்யா!"

"யாரா இருந்தாலும் உத்தரவு உத்தரவுதான் சார். நாப்பது ஆயிடுச்சா?"

பின்னால் நின்ற வரிசை மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டது. இயக்குநருக்கு ஐம்பத்திரண்டு.

"முப்பத்தெட்டு," என்றார்.

டிக்கெட் கிழிப்பவரின் பார்வை, இயக்குநரின் தோளைத் தொட்டபடி நின்ற இருபத்தாறு வயது மகள் மேல் போனது.

"இவங்க?"

மகள் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வாங்கண்ணே, படம் போட்டுடப் போறாங்க," என்று முன்னால் நடந்தாள்.