ஓட்டையில்லாத சிலிண்டர்

ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில், ஏ.டி.வி. என்கிற நாலு சக்கரப் பந்தய வண்டிக்கு நல்ல எஞ்சின் சிலிண்டர் தேர்ந்தெடுக்க உயர்மட்டக் குழு அமைக்கப்பட்டது. ஆண்டுவிழாப் பந்தயத்தில் வண்டி ஓட்டப்போகிறவன் லைன் ஆபரேட்டர் லோகேஷ். அவனுக்குச் சிலிண்டரைப் பற்றிக் கொஞ்சம் தெரியும் என்பதால் குழுவில் சேர்க்கவில்லை. விஷயம் தெரிந்தவன் இருந்தால் கூட்டம் சீக்கிரம் முடிந்துவிடுமே!

அவனும் லேசுப்பட்டவன் இல்லை. யூடியூப் பார்த்துவிட்டு, இருப்பதிலேயே அதிகம் உறுமுகிற சிலிண்டராகக் கேட்டான். நிச்சயம் பண்ணிய காவேரி வாலாஜாபாத்திலிருந்து அப்பாவோடு பந்தயம் பார்க்க வருகிறாள். அவர்கள் கண்ணெதிரே முதலில் வரவேண்டும் என்று பாவம், பையனுக்குச் சோறு இறங்கவில்லை.

வெளிக்கடையிலிருந்து வந்த மூன்று சிலிண்டர்களைத் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி மதிவதனி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"சுவரெல்லாம் ஓட்டை! மூணும் ரிஜெக்ட்."

"மேடம், டூ ஸ்ட்ரோக் எஞ்சின்னா அப்படித்தான் மேடம்! ஒரு ஓட்டையில பெட்ரோல் வரும், இன்னொண்ணுல புகை போவும்" என்று பதறினான் லோகேஷ்.

"ஓட்டை குறையா, இல்லையா?"

"குறைதான் மேடம், ஆனா…"

குழுத் தலைவர் ராஜசேகர் கனிவாகக் குறுக்கிட்டார். "தம்பி, ஊரே ஓட்டையோட போவுதுன்னா நாமளும் போவணுமா? நம்ம ஸ்டாண்டர்டு வேற."

'மேற்படி உருப்படிகளில் காணப்படும் துளைகள் யாவும் அடைக்கப்பட்டு மீண்டும் சமர்ப்பிக்கப்பட வேண்டியது' என்று கடைக்காரர் ஜோயலுக்கு மெயில் பறந்தது. ஜோயல் கம்பெனிகளோடு ரொம்ப காலம் குப்பை கொட்டியவர். கேட்டபடியே ஓட்டைகளை வெல்டிங் வைத்து அடைத்து, பளபளவென்று பாலிஷ் போட்டு அனுப்பினார். குழு கைதட்டி ஏற்றுக்கொண்டது.

பந்தயம் வல்லக்கோட்டைப் பக்கத்து மைதானத்தில். கொடி அசைந்ததும் மற்ற வண்டிகள் புழுதி கிளப்பிப் பறந்தன. லோகேஷ் உதை உதை என்று உதைத்தும் அவன் வண்டி முனகக்கூட இல்லை.

"இன்னா மாப்ள, இன்னும் கெளம்பலியா?" என்று காவேரியின் அப்பா கத்தினார். லோகேஷுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது மைக்கில் அறிவித்தார்கள்: புகை இல்லை, சத்தம் இல்லை, விபத்து இல்லை, பெட்ரோல் ஒரு சொட்டும் செலவில்லை. ஆகவே சிறந்த பசுமை வண்டிக்கான பெரிய கோப்பை லோகேஷுக்கே! வருங்கால மாமனார் எழுந்து நின்று விசில் அடித்தார். முதலில் வந்தவனை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வண்டி நகரவே இல்லியே?" என்றாள் காவேரி மெதுவாக.

"கப்பு வந்துச்சா இல்லியா?" என்றான் லோகேஷ்.

திங்கட்கிழமை அவனையும் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். எஞ்சினுக்குள் பிஸ்டன் ஓயாமல் மேலும் கீழும் அலைவது வீண் நடமாட்டம், அதை ஓரிடத்தில் உட்காரவைக்க வேண்டும் என்று ராஜசேகர் தீர்மானம் கொண்டுவந்தார். முதல் ஆளாகக் கை தூக்கியவன் லோகேஷ்.