‘ஒழிக’ நேராக வர வேண்டும்

தொழிற்சங்கத் தேர்தல் என்பது தொழிலாளர்களின் புனிதமான உரிமை. அந்தப் புனிதத்துக்குத் தேவையான தொப்பிகளைத் தைத்துத் தேய்த்து அடுக்கும் பொறுப்பும் தொழிலாளர்களாகிய எங்களிடமே ஒப்படைக்கப்பட்டது. எங்களுடையது சட்டை தைக்கும் கம்பெனி. தேர்தல் நெருங்கியதும் சட்டைகளை ஓரம் கட்டிவிட்டு, ‘அவசர ஆர்டர்’ என்று தொப்பித் துணியை இறக்கினார்கள். பாதி சிவப்பு, பாதி நீலம். இரண்டிலும் நெற்றியில் ‘முதலாளி ஒழிக’ என்று எம்பிராய்டரி.

சங்கத் தலைவர் பதவிக்கு மூன்று பேர் நின்றார்கள். சிவப்புத் தொப்பி மீசைக்காரருக்கு. நாங்கள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர்தான் தலைவர். நீலத் தொப்பி மைக் மாமாவுக்கு. எதிரே ஒரே ஆள் நின்றாலும் மைக் பிடித்துத்தான் பேசுவார். மூன்றாவது, எங்கள் அயர்ன் செக்‌ஷன் அக்கா. அவளுக்கு நிறமும் கிடையாது, தொப்பியும் கிடையாது. கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அயர்ன் செக்‌ஷன் ஜன்னல்களைத் திறக்க வேண்டும்.

துணி திருட்டுப் போய்விடும் என்று அந்த ஜன்னல்களுக்கு ஆணி அடித்திருந்தார்கள். உள்ளே ஆவியில் சட்டையோடு சேர்ந்து எங்களுக்கும் சுருக்கம் நீங்கிக்கொண்டிருந்தது. அடிக்கடி யாராவது மயங்கி விழுவார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்து, பழையபடி மேஜை முன் நிறுத்திவிடுவோம்.

விஷயம் வெளியே வந்தது செக்கிங் சூப்பர்வைசரால். அவர் ஒரு சிவப்புத் தொப்பியைத் தூக்கிக் காட்டிக் கத்தினார்.

“இதென்ன, ‘ஒழிக’ கோணலா இருக்கு? பிரிச்சுட்டுத் திரும்பப் போடு!”

“முதலாளி ஒழிஞ்சாப் போதாதா சார்? கோணலா ஒழிஞ்சா என்ன?” என்றாள் மெஷினில் இருந்தவள்.

“முதலாளியே பார்த்து ஓகே பண்ணின சாம்பிள்மா. நேராத்தான் ஒழியணும். நாளைக்குக் கம்பெனி பேரு கெட்டுடக் கூடாது பாரு.”

தேய்த்துக்கொண்டிருந்த அக்கா பெட்டியைக் கீழே வைத்தாள். “அப்போ ரெண்டு பேருக்கும் செலவு பண்றது அவர்தானா?”

அன்றைக்கே தொழிலாளர் துறையில் புகார் கொடுத்தாள். அதிகாரி வந்தார். மேனேஜரின் ஏ.சி. அறையில் விசாரணை. நாங்கள் கண்ணாடிக்கு வெளியே நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். கதவிடுக்கில் வந்த குளிர்ச்சியை விட மனமில்லை.

“வேட்பாளருக்கு நீங்க பணம் குடுத்தீங்களா?” என்று அதிகாரி கேட்டார்.

“ஒருத்தருக்குக் குடுத்தாத்தானே சார் தப்பு? ரெண்டு பேருக்கும் குடுத்தோம்” என்றார் மேனேஜர்.

அதிகாரியின் முகம் தெளிந்தது. “அதுவும் முதலாளி தன்னைத் திட்டறதுக்குத்தானே செலவு பண்ணியிருக்கார். இந்த மனசு யாருக்கு வரும்?”

“சார், அப்போ யார் ஜெயிச்சாலும் அவங்க ஆளுதானே?” என்றாள் அக்கா.

“யார் ஜெயிச்சாலும் நிர்வாகத்துக்கு ஒண்ணுதான்னு நீங்களே சொல்றீங்க. அதுக்குப் பேருதாம்மா நடுநிலை.”

ஆனாலும் அவர் கடமை தவறாதவர். மேலும் துருவிப் பார்த்ததில் மாபெரும் அநீதி ஒன்று வெளிப்பட்டது: மூன்றாவது வேட்பாளருக்குத் தொப்பி வழங்கப்படவில்லை! மேனேஜரைக் கடுமையாகக் கண்டித்து, அக்காவுக்கும் மஞ்சள் நிறத்தில் தொப்பி தைத்துத் தர உத்தரவிட்டார்.

“எனக்குத் தொப்பி வேணாம் சார். ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்க.”

“அது கோரிக்கைம்மா. ஜெயிச்ச பிறகு கேக்கணும். இப்ப தொப்பியை வாங்கிக்குங்க.”

“வாங்க மாட்டேன்.”

அதிகாரிக்கு வேறு வழியில்லை. வேட்பாளர்களிடையே நிலவிய சமத்துவத்தை வேண்டுமென்றே குலைத்த குற்றத்துக்காக அக்காவின் வேட்புமனு தள்ளுபடி செய்யப்பட்டது.

எங்களுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அதிகாரி மேல் அல்ல, அக்கா மேல்.

“வாங்கி எங்ககிட்டயாவது குடுத்திருக்கலாம்லக்கா? ஓசித் தொப்பி, வெயிலுக்கு ஆகும்” என்று நானே முகத்துக்கு நேராகக் கேட்டேன்.

மீசைக்காரர் வழக்கம்போல் ஜெயித்தார். வெற்றிக் கூட்டத்தில் ‘முதலாளி ஒழிக’ என்று அவர் முழங்க, முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார் முதலாளி. நன்றிச் சுவரொட்டிகளை ஒட்ட வேறு இடம் கிடைக்காததால் அயர்ன் செக்‌ஷன் ஜன்னல்களில் ஒட்டினார்கள். கண்ணாடி வழியாக வந்துகொண்டிருந்த வெளிச்சமும் போயிற்று.

அடுத்து மயங்கி விழுந்தது நான்.

கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். அக்கா பக்கத்தில் மண்டியிட்டு, ஒரு கையில் சிவப்புத் தொப்பியும் மறு கையில் நீலத் தொப்பியுமாக வீசிக்கொண்டிருந்தாள். அவளுக்கே மூச்சு வாங்கியது. மேனேஜரும் மீசைக்காரரும் எட்டிப் பார்த்தார்கள்.

“பாத்தீங்களா தலைவரே, நாம குடுத்தது எதுவும் வீண் போகலை” என்றார் மேனேஜர். தலைவர் பெருமையோடு தலையாட்டினார்.

எனக்கு இன்னும் மூச்சு முட்டியது. மனசில் பட்டதைச் சொல்லிவிட்டேன்.

“அந்த மஞ்சத் தொப்பியையும் வாங்கியிருந்தா, இன்னும் கொஞ்சம் காத்து வந்திருக்கும்லக்கா?”

அக்கா வீசுவதை நிறுத்தினாள்.